நீங்கள் பொய்யாகப் படுக்கவில்லை

அண்ணி,

உங்களைப் பொய்க்காரி ஆக்கியது எங்கள் அம்மா. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை. இன்று காலை உங்கள் மகளிடமே சொல்லிவிட்டாள்.

நான் கதிர்காமத்தில் என் வீட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறேன். அம்மா அடுப்படியில் நல்லெண்ணெய் ஊற்றிப் பூண்டு வதக்குகிறாள். வீடு முழுக்க அந்த வாசனை. போன வாரம் எனக்குக் கரு கலைந்துவிட்டது. மூன்றாவது மாதம். ஸ்கேன் எடுத்த டாக்டர் துடிப்பு இல்லை என்றார். செய்தி கேட்டதும் அம்மா கருவடிக்குப்பத்திலிருந்து உங்கள் பாப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்து இங்கேயே தங்கிவிட்டாள். "இதுவும் ஒரு பிரசவந்தான்டி. கால கீழ வெக்காத. பச்சத் தண்ணியத் தொடாத" என்கிறாள். நான் எழுந்து தண்ணீர் மொண்டு குடித்தால்கூடத் திட்டுகிறாள். பூண்டுக் குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். நேற்று இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்ததும்தான் கோபம் வந்தது. இந்தக் குழம்பை உங்களுக்கு யாரும் வைக்கவில்லை.

காலையில் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் போக மனமில்லை. என் பக்கத்தில் வந்து சுருண்டுகொண்டு வயிறு வலிக்கிறது என்றாள். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. அம்மா போர்வையை உருவினாள்.

"அப்பிடியே அவ அம்மா புத்தி. பொய்யா படுத்துக்கினு கெடக்குது பாரு."

பாப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "எங்கம்மா பொய்யா படுத்துக்குவாங்களா ஆயா?"

"பின்ன? அதுல அவள அடிச்சிக்க ஆளே கெடயாது."

பாப்பா சிரித்தாள். தன் அம்மாவைப் பற்றி ஒரு வேடிக்கையான விஷயம் கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. யூகேஜி படிக்கிற பிள்ளை. கடலூர் ரோட்டில் உங்கள் ஸ்கூட்டியை மணல் லாரி அடித்தபோது அவளுக்கு நடக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்தச் சாவில் எங்கள் வீட்டில் யாருக்கும் பங்கில்லை. இருந்திருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்பேன். பாப்பாவுக்கு உங்களைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மாலை போட்ட ஒரு போட்டோவும், பெரியவர்கள் சொல்கிற நாலு கதைகளும்தான். அந்த நாலில் இது ஒன்றாகிவிடும். வளர்ந்து யாரிடமாவது, "எங்கம்மா சோம்பேறியாம், பொய்யா படுத்துக்குவாங்களாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இது நடக்கக் கூடாது.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கல்லூரியில் முதல் வருஷம். நாத்தனார் என்று எனக்குப் பயப்படுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் என்னைப் பார்த்ததும், "வா மதமோசெல், ஒன் ரூம்ல எடம் இருக்கா, ஒங்கண்ணன் கொறட்ட தாங்கல" என்றீர்கள். கல்யாணமாகி அன்றைக்கு மூன்றாம் நாள்! உங்கள் அம்மா டவுனில் ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைத் தமிழர் வீட்டில் சமையல் செய்தவர். நீங்கள் அந்த வீட்டு அடுப்படியில் வளர்ந்தீர்கள். பிரெஞ்சு படிக்கவில்லை, ஆனால் வார்த்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கல்யாணமாகாத பெண் மதமோசெல், அதனால் நான் மதமோசெல். கீரைக்காரம்மாவுக்கு நன்றி சொல்ல மெர்சி என்பீர்கள். வாசலில் மாடு வந்து நின்றால், "அலே, அலே" என்று விரட்டுவீர்கள். மாடு நகரும். அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பெரிய பிரான்சுக்காரி. மாடுகூட இவகிட்ட பிரெஞ்சு கத்துக்கிச்சி."

"நீங்களும் கத்துக்கலாம் அத்த. மாட்டவிட நேரம் ஆவும், அவ்ளோதான்."

அப்பா சோற்றுத் தட்டோடு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

ஆனால் நீங்கள் எப்போதும் களைத்திருப்பீர்கள். இப்போது தெரிகிறது, அப்போது யாருக்கும் தெரியவில்லை. மதியம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவீர்கள். கத்திரி வெயிலில் போர்வை கேட்பீர்கள். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. முகம் உப்பியிருக்கும். "நல்லாத் தின்னுட்டுத் தூங்கறா, ஊதாம இன்னா செய்யும்" என்பாள் அம்மா. எங்கள் வீட்டில் பெண்ணுக்குக் களைப்பு என்று ஒரு வியாதி கிடையாது. மில்லில் நின்றுவிட்டு வருகிற ஆணுக்கு மட்டும்தான் அது உண்டு.

நாள் தள்ளியதை முதலில் என்னிடம்தான் சொன்னீர்கள். "மதமோசெல், அத்த ஆவப் போற." ஸ்கேனுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒரு காலையில் இரத்தம் போக ஆரம்பித்தது. அண்ணன் ஆட்டோவில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குக் கூட்டிப் போனார். தானாகவே முழுசாகப் போய்விட்டது, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஓய்வெடுக்கட்டும் என்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். 

மறுநாள் பக்கத்து வீட்டுப் பென்ஷன் முசே வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, அந்தப் பென்ஷனில் காலம் தள்ளுகிற பெரியவர்; ஐயா என்பதற்குப் பிரெஞ்சில் முசே, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். தெருவில் உங்களிடம் மட்டும்தான் அவருக்குப் பிரெஞ்சு பேச வாய்க்கும் என்பதால், தினமும் ஜன்னல் வழியே "சவா?", சௌக்கியமா, என்று கேட்டுவிட்டுப் போவார். அன்றைக்கும் கேட்டார். நீங்கள் படுத்தபடியே பதில் சொன்னீர்கள்.

"ஃபோஸ் கூஷ், முசே."

அவர் தலையை ஆட்டினார். புரிந்ததுபோலத்தான் ஆட்டினார். வாசலில் அம்மா மடக்கினாள்.

"என்னமோ சொன்னாளே, இன்னா முசே அது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெருவில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆண்பிள்ளை அவர், எப்படிச் சொல்லுவார்? விரல் விட்டு வார்த்தை வார்த்தையாகப் பிரித்தார்.

"ஃபோஸ்னா பொய்யி. கூஷ்னா படுத்துக்கறது. பொய்யா படுத்துக்கினு கீறேன்னு சொல்லுது. தமாஷு பண்ணுது போல."

அம்மா உள்ளே வந்தாள். உங்கள் தலைமாட்டில் நின்றாள். "பொய்யா படுத்துக்கினு இருக்கறியா? மாசமா இருந்ததும் பொய்யா? கொழா தண்ணி வந்துடுச்சி, கொடத்த எடு" என்றாள். நீங்கள் எழுந்து போய்க் குடத்தை எடுத்தீர்கள். நான் பிடுங்கினேன். நீங்கள் விடவில்லை. இரத்தம் போய் ஒரு நாள்கூட முழுசாக ஆகாத உடம்போடு தெருக்குழாயில் வரிசையில் நின்றீர்கள். அன்று சாயங்காலத்துக்குள் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது: மில்காரர் வீட்டு மருமகள் மாசமே ஆகாமல் மாசம் என்று சொல்லி, வேலை செய்யாமல் படுத்திருந்தாள். ஸ்கேன் இல்லை, வயிறு தெரியவில்லை, அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவர் இல்லை அண்ணன். சாட்சி சொல்ல யார் இருந்தார்கள்?

ஏன் அந்த வார்த்தையைச் சொன்னீர்கள் என்று கேட்டபோது நீங்கள் சொன்னதை நான் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

"எங்கம்மா சமைச்ச வீட்டு மதாமுக்கு ஒரு தடவ அந்த மாதிரி ஆச்சி. நான் சின்னப் பொண்ணு. எங்கம்மா சூப் வெச்சி கட்டிலுக்கே எடுத்துக்கினு போவாங்க. டாக்டர் வந்தாரு, ஃபோஸ் கூஷ்னாரு. அதுலேருந்து அந்த வீட்ல எல்லாரும் மெதுவா பேசினாங்க. கதவக்கூட மெதுவா சாத்தினாங்க. அந்த வார்த்தையச் சொன்னா மெதுவா பேசுவாங்கன்னு நெனச்சேன்."

இதைச் சொல்லிவிட்டு நீங்கள்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டீர்கள். "ச்சீ, மூக்கு ஒழுவுது பாரு, இதுக்கு மாப்பிள்ள வேற பாக்கணும்."

முசேயிடம் நான் போய்ச் சண்டை போட்டேன். அது கரு கலைவதற்குப் பிரெஞ்சில் சொல்கிற வார்த்தை என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. "நம்மள்து பட்டாளத்து பிரெஞ்சும்மா. பொம்பளைங்க சமாச்சாரம் அதுல வராது" என்றார். பாவம், அம்மாவிடம் வந்து திருத்திச் சொன்னார். அம்மா கேட்டாள்: "அவளுக்கு வக்காலத்தா முசே? மின்ன சொன்னது நெசமா, இப்ப சொல்றது நெசமா?" அவர் போய்விட்டார்.

அம்மாவுக்கு அந்தப் பொய் வசதியாக இருந்தது, அண்ணி. எனக்குத் தெரியும். கரு நிஜமென்றால் அது ஏன் போனது என்று யாராவது கேட்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும். அண்ணனையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பொய் என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். பெண்ணின் உடம்பில் எது நடந்தாலும் அவளைக் குற்றம் சொல்லிவிட்டால் செலவு மிச்சம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இந்தக் கணக்குத்தான்.

ஒரு மாதம் கழித்துக் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நாம் இருவரும் பஸ்ஸில் போனோம். அண்ணன் ஷிப்டு என்று சொல்லிவிட்டார். திண்டிவனம், விழுப்புரம் பக்கமெல்லாமிருந்து வந்த பெண்கள் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கு மூன்று போயிருந்தது. அவள் உங்களிடம், "நீ இன்னா செஞ்ச?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. நீங்களும் யோசித்து, ஒரு துண்டு பப்பாளி தின்றதைச் சொன்னீர்கள்.

உள்ளே டாக்டரம்மாவிடமும் அதையே ஆரம்பித்தீர்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"டாக்டர், பழுத்த பப்பாளி ஒரு துண்டு தின்னேன். ஸ்கூட்டி ஓட்டினேன். கைய ஒசத்தி எட்டித் துணி காயப்போட்டேன். அப்பறம், அத்தமேல ரொம்பக் கோவப்பட்டேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "மாமியார்மேல கோவப்பட்டா கரு கலையும்னா இந்த ஊர்ல பாதி ஜனம் பொறந்தே இருக்காதும்மா. நல்லாக் கேட்டுக்கோ. நீ ஒண்ணும் செய்யல. ஆரம்ப மாசத்துல போறதுக்குப் பெரும்பாலும் கரு உண்டாவும்போதே குரோமோசோம் சரியாச் சேராததுதான் காரணம். அது யார் கையிலயும் இல்ல. படி ஏறினதால இல்ல, வண்டி ஓட்டினதால இல்ல, வேல செஞ்சதால இல்ல. ஒரு தடவ போனவங்கள்ல நெறயப் பேருக்கு அடுத்தது நல்லாவே தங்கும்."

நீங்கள் அழுதது அப்போதுதான். நர்ஸிங் ஹோமில் இல்லை, குழாயடியில் இல்லை. நீ ஒண்ணும் செய்யல என்று ஒருவர் சொன்னபோது.

அவர் உங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எத்தனை மணிக்குத் தூங்குவாய், முடி கொட்டுகிறதா, குளிருகிறதா என்றெல்லாம் கேட்டார். உங்களிடம் அதையெல்லாம் கேட்ட முதல் மனுஷி அவர்தான். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகவும் குறைவு என்று வந்தது. "இதனாலதான் போச்சின்னு நான் அடிச்சிச் சொல்ல மாட்டேன். ஆனா இத இப்பிடியே விட்டா ஆபத்து கூடும். மாத்திரையில சரி பண்ணிடலாம். சரியான பிறகு அடுத்தது" என்றார். சர்க்கரையும் பி.பி.யும் பார்த்தார், அவை சரியாக இருந்தன. குழந்தைக்கு முயற்சி செய்வதற்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் மாத்திரை போட வேண்டும் என்றார். தலைவலி காய்ச்சலுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கித் தானாக மாத்திரை விழுங்கக் கூடாது. இரத்தம் பட்டாலோ கடுமையாக வலித்தாலோ காத்திருக்காமல் வர வேண்டும். பிறகு, "வீட்டுக்காரர் சிகரெட் குடிப்பாரா?" என்று கேட்டார்.

"அவரு குடிப்பாரு டாக்டர், நான் இல்ல."

"பொக உன் மூக்குலயுந்தான போவுது? அவர நிறுத்தச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

பஸ்ஸில் திரும்பும்போது நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து மெல்லச் சொன்னீர்கள்: "பாத்தியா மதமோசெல், நான் நெசமாவே களச்சிதான் போயிருந்தேன்." அதை ஏதோ பரிசு கிடைத்ததுபோலச் சொன்னீர்கள்.

வீட்டில் அம்மாவிடம் எல்லாவற்றையும் நான் ஒப்பித்தேன். தைராய்டு என்றால் உடம்பு நிஜமாகவே சோர்ந்துவிடும், அது படுத்துக்கொள்கிற சாக்கு இல்லை என்றேன். அம்மா முறத்திலிருந்து தலை நிமிராமல், "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆயிரம் சொல்லுவான்" என்றாள். அண்ணன் சிகரெட் விஷயத்துக்குச் சிரித்தார். நீங்கள் சிரிக்கவில்லை. அவர் பற்றவைத்த ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து, மாட்டை விரட்டுகிற அதே குரலில் "அலே, அலே" என்றீர்கள். மழையில்கூட அவர் தெருவில் நின்று குடித்தார். கடைசியில் விட்டார். டாக்டர் சொல்லி அவர் விடவில்லை. மாட்டோடு சேர்த்துத் தன்னையும் விரட்டுவதைத் தெரு பார்க்கிறதே என்றுதான் விட்டார்.

தினமும் காலையில் வெறும் வயிற்றில் அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டீர்கள். சில மாதங்களில் முகம் வற்றியது. மதியத்தில் தூங்காமல் என்னோடு சீட்டாடினீர்கள், ஏமாற்றியும் ஆடினீர்கள். அப்புறம்தான் பாப்பா வயிற்றில் வந்தாள். மாதாமாதம் போய்ப் பார்த்தீர்கள், இரத்தம் கொடுத்துப் பரிசோதித்தீர்கள், மாத்திரை அளவைக் கூட்டினார்கள். சுனாமிக்கு முந்தின ஆடியில் பாப்பா பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம் என்று அண்ணன் பூத்திலிருந்து போன் செய்தபோது அம்மா முசே வீடு வரைக்கும் ஓடிப்போய்ச் சொன்னாள். பேத்தி உண்மை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்கப்புறம் யார் எத்தனை பிள்ளை என்று கேட்டாலும் நீங்கள் "ரெண்டு, கையில ஒண்ணு" என்றீர்கள். பக்கத்தில் அம்மா இருந்தால் உடனே திருத்துவாள்: "ஒண்ணுதான். இவளுக்கு எப்பவும் தமாஷு." நீங்கள் மறுத்துப் பேச மாட்டீர்கள். அடுத்த ஆள் கேட்டால் மறுபடியும் ரெண்டு என்பீர்கள்.

நேற்று வெந்நீரில் துணியை நனைத்து என் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அம்மா திடீரென்று சொன்னாள்: "எனக்கும் ஒனக்கு மின்ன ரெண்டு போச்சிடி. ரெண்டாவது நாளே ஒங்கப்பனுக்கு மில்லுக்குச் சோறு தூக்கினு போனேன். யாரு கேட்டா?" இருபத்தைந்து வருஷத்தில் இதை இப்போதுதான் கேட்கிறேன். எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அவளைச் சுற்றியும் யாராவது மெதுவாகப் பேசியிருக்க வேண்டும். ஆனால் இரக்கத்தோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. அந்த வலி என்னவென்று தெரிந்த ஒருத்திதான் உங்கள் கையில் குடத்தைக் கொடுத்திருக்கிறாள்.

என்னிடம் உங்களுடையது என்று நகை, புடவை எதுவும் இல்லை. நீங்கள் அழுத அந்த அறையில் கேட்டதுதான் இருக்கிறது. என் கரு போனபோது நான் பப்பாளியைத் தேடவில்லை. படியை எண்ணவில்லை. என்னைப் பார்க்க வந்த எதிர்வீட்டுப் பெண், "வண்டில போனியா?" என்று ஆரம்பித்தபோது, நான் ஒன்றும் செய்யவில்லை, தானாகக் கலைந்தது, அடுத்ததற்கு முன்னால் தைராய்டும் சர்க்கரையும் பார்த்து, முன்கூட்டியே ஒரு மாத்திரையும் போடப் போகிறேன், நீயும் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆனவள். வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து, அந்த மாத்திரை பெயர் என்ன என்று கேட்டாள்.

சற்று முன் பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையைப் போட்டுவிட்டு என் கட்டிலில் ஏறி, "அத்த, நீயும் எங்கம்மா மாதிரி பொய்யா படுத்துக்கினு இருக்கியா?" என்று கேட்டாள். சின்னப் பிள்ளையின் விளையாட்டுக் கேள்வி. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி வந்து கதவருகே நின்றாள்.

"இன்னாடி, எழுந்திரிக்காத."

"இவளோட அம்மா வயித்துல மொதல்ல ஒரு கொழந்த இருந்துச்சி. எனக்குப் போன மாதிரியே அதுவும் போயிடுச்சி. அதான் படுத்தாங்க. இத நான் சொன்னாப் போதாது. நீதான் காலைல சொன்ன, நீயே சொல்லு."

அம்மா பாப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 

"ஆயா, இன்னா ஆயா?" என்றாள் பாப்பா.

"சொல்லும்மா. அவங்க பொய்யா படுக்கலன்னு இவகிட்ட சொல்லு."